வாசகர் கேள்வி – பதில்: என் மேசையில் யார் கை வைக்கலாம்?

சென்ற இதழில், "நல்ல படம் போட மேசை சுத்தமாக இருக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "ரஃப் போடும்போது வேண்டாம், ஃபேர் போடும்போது கட்டாயம் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒழுங்கின் பக்கம் பாதிப் பேர், அலங்கோலத்தின் பக்கம் பாதிப் பேர் என்று கட்சி பிரிந்து எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைகளுக்குப் படம் போடுவதும் பக்கம் வடிவமைப்பதும்தான் என் பிழைப்பு. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மேசை முன்னால்தான் போகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் மேசைக்கே விட்டுவிட்டேன்.

கே: அன்புள்ள அக்காவுக்கு, நான் சிறுகதை எழுதுகிறேன். எழுதுகிற மேசையில் தாள்கள் பரவித்தான் கிடக்கும். என் கணவர் ஒழுங்குக்காரர். நான் வெளியே போய்விட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் மூலைக்கு மூலை சேர்த்து அடுக்கி வைத்துவிடுகிறார். நல்ல மனதோடுதான் செய்கிறார். ஆனால் அதற்கப்புறம் சில நாட்களுக்கு எனக்கு எழுத்தே ஓடுவதில்லை. இது என் பிரமையா? – ஒரு வாசகி

பிரமையே இல்லை அம்மா. எழுத்து நின்றுபோனதற்கு உருப்படியான காரணம் இருக்கிறது.

வேலை நடந்துகொண்டிருக்கும் மேசையில், ஒரு தாள் கிடக்கிற இடமும் ஒரு குறிப்புதான். முழங்கை ஓரத்தில் கிடப்பது அடுத்து எழுத வேண்டிய காட்சி. குறுக்காக வைத்திருப்பது, இன்னும் மனதுக்குச் சரிப்படாத பத்தி. விளக்கடியில் கவிழ்த்து வைத்திருப்பது, வேண்டாம் என்று முடிவு செய்த பிறகும் கிழித்துப் போட மனம் வராத பழைய முடிவு. இதையெல்லாம் நீங்கள் எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். எழுத வேண்டிய அவசியமும் இருந்திருக்காது, பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் கணவர் அடுக்கியபோது ஒரு தாள்கூடத் தொலையவில்லை. எது முன்னால், எது பின்னால், எதில் சந்தேகம் என்கிற விவரம் மட்டும் அழிந்துவிட்டது. அதைத் திரும்ப மனதுக்குள் கட்டியெழுப்பத்தான் உங்களுக்கு அந்த நாட்கள் தேவைப்படுகின்றன.

தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு, 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். குவித்து வைப்பதை அவர் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடவில்லை. குவியல் இரண்டு காரியம் செய்கிறது என்று கண்டார். "இது பாக்கி இருக்கிறது" என்று கண்ணில் பட்டு ஞாபகப்படுத்துகிறது. எந்த ஃபைலில் சேர்ப்பது என்று முடிவாகாத தாளுக்கு, முடிவாகும் வரை தங்க இடம் தருகிறது. கதை எழுதுகிறவருக்கு இந்த இரண்டாவது காரியம் உயிர் மாதிரி. எந்தப் பத்தி எங்கே சேரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அப்புறம் உட்கார்ந்து எழுத என்ன இருக்கிறது?

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டு விஷயத்துக்கு நேராகப் பொருந்துவதால். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இருவர் செய்தது, 2010-ல் வெளியானது. நான்கு விதமான அலுவலக அறைகளில் ஆட்களை உட்கார வைத்து வேலை கொடுத்தார்கள். ஒன்றில் வெறும் மேசை, நாற்காலி மட்டும். இரண்டாவதில் செடிகளும் படங்களும் அழகாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் அதே செடி, அதே படங்கள். ஆனால் எங்கே வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பது வேலை செய்பவரின் இஷ்டம். நான்காவதிலும் வேலை செய்பவர்தான் வைத்தார். அவர் வைத்து முடித்ததும் ஆய்வு நடத்துகிறவர் வந்து, அவர் கண்ணெதிரே எல்லாவற்றையும் வேறு மாதிரி மாற்றி வைத்துவிட்டார். வெறும் அறையைவிடச் செடி வைத்த அறையில் வேலை கூடுதலாக நடந்தது. தானே அமைத்துக்கொண்ட அறையில் எல்லாவற்றையும்விட நன்றாக நடந்தது. அமைத்ததைக் கலைத்து மாற்றிய அறையில் அந்த ஆதாயம் அப்படியே போய்விட்டது.

செடியும் படமும் கடைசி மூன்று அறைகளிலும் ஒன்றுதான். யார் கை வைத்தது என்பதுதான் மாறியது. மேசை சுத்தமா, அலங்கோலமா என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அதை அப்படி வைத்தது அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர்தானா என்பது.

உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, வீட்டைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளும் மனிதர் கிடைப்பது பெரிய விஷயம். தரை, அலமாரி, ஜன்னல் எல்லாம் உங்கள் ராஜ்ஜியமாகவே இருக்கட்டும். அந்த மேசையின் நான்கு விளிம்புக்குள் மட்டும், தூசி தட்டுவதாக இருந்தாலும் அவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அம்மா, நீங்களும் அந்த விளிம்பைத் தாண்டித் தாள்களைச் சாப்பாட்டு மேசைக்கும் நாற்காலிக்கும் பரவவிடாதீர்கள். விட்டால், பொது இடத்தில் கிடப்பதை ஒதுக்கி வைக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கே: கலைந்து கிடக்கும் அறையில் இருந்தால் கற்பனை பெருகும் என்று ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்களாம். அம்மா என் அறையைப் பார்த்துத் திட்டும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். சரிதானே அக்கா? – அனிமேஷன் படிக்கும் மாணவர்

அந்த ஆய்வு நடந்தது உண்மை தம்பி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் வோஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். 48 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஒழுங்கான அறையிலும் மற்றதைக் கலைந்த அறையிலும் உட்கார வைத்தார்கள். பிங்-பாங் பந்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதச் சொன்னார்கள். இரண்டு அறையிலும் யோசனைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கலைந்த அறையிலிருந்து வந்தவை கூடுதல் புதுமையாக இருந்ததாக, மதிப்பெண் போட்டவர்கள் சொன்னார்கள்.

நீங்கள் அம்மாவிடம் சொல்லாமல் விட்ட பாதியும் அதே கட்டுரையில் இருக்கிறது. அவர்களே செய்த இன்னொரு சோதனையில், ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் நன்கொடைக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். போகும்போது ஆப்பிளா சாக்லேட்டா என்று கேட்டால் ஆப்பிளை எடுத்தவர்களும் அந்த அறையில்தான் அதிகம். அப்புறம், 2019-ல் வேறு ஒரு குழு இந்தக் கேள்வியைத் திரும்பச் சோதித்துப் பார்த்தது. மேசை கலைந்திருப்பதால் படைப்புத்திறனில் வித்தியாசம் எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. ஆகவே "நிரூபித்திருக்கிறார்கள்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

எனக்கு அந்த 2013 சோதனையில் வேறொரு விஷயம்தான் உறுத்துகிறது. அந்த அறையைக் கலைத்துப் போட்டது அங்கே உட்கார்ந்தவர்கள் இல்லை. யாரோ தயார் செய்து வைத்த அலங்கோலத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றாடம் தன் வேலையால் தானே கலைத்துக்கொண்ட மேசை அது இல்லை. அதனால் உங்கள் அறைக்கோ என் மேசைக்கோ அதிலிருந்து பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

அனிமேஷன் படிக்கிறீர்கள் என்பதால் உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். ஒரு பாத்திரத்தின் நடையைப் பிடிக்கப் பத்துப் பதினைந்து சின்ன ஸ்கெட்ச் போட்டு மேசை முழுக்கப் பரப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் யாரோ நடக்கிற போட்டோ, கீழே நேற்றுப் போட்ட ஸ்டோரிபோர்டு. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. ஆனால் ஒவ்வொரு தாளும் அந்த நடையோடு சம்பந்தப்பட்டது. இது வேலையின் குவியல். அதே மேசையில் பழுதான சார்ஜர், துவைக்காத சட்டை, போன பருவத்துக் கேள்வித்தாள், யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டு எல்லாம் கிடந்தால் அது தேங்கிய குவியல். என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் விட்டது மட்டும்தான் அதில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

தேங்கியது சும்மாவும் கிடக்காது. கண்ணெதிரே ஒரே நேரத்தில் பல பொருள்கள் இருந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சபீன் காஸ்ட்னரும் ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸும் 2011-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வேண்டியதன் மேல் கவனத்தை நிறுத்த, வேண்டாததை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைச் சார்ஜருக்கும் சட்டைக்கும் கொடுப்பானேன்? மேசையில் இருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்து, "இன்றைய வேலையில் உனக்கு என்ன பங்கு?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் இருக்கட்டும். இல்லாவிட்டால் அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

கே: "கலைந்த மேசை கலைந்த மனதுக்கு அடையாளம் என்றால், காலி மேசை எதற்கு அடையாளம்?" என்று ஐன்ஸ்டீன் கேட்டாரே, இதற்கு ஒழுங்குக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அந்த வாசகத்தோடு சேர்த்துக் காட்டுகிற, அவருடைய கலைந்த மேசையின் படம் மட்டும் நிஜம். 1955 ஏப்ரல் 18-ம் தேதி அவர் இறந்த அன்றைக்கே, லைஃப் பத்திரிகைக்காக ரால்ஃப் மோர்ஸ் பிரின்ஸ்டனில் எடுத்தது. தாள் மேல் தாளாகக் கிடக்கும் மேசை, பின்னால் புத்தக அலமாரி, கரும்பலகையில் சமன்பாடுகள். ஆனால் அவரைப் புகழேணியில் ஏற்றிய 1905-ம் ஆண்டுக் கட்டுரைகளை எழுதியபோது, அவர் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஊழியர். அந்த மேசையை யாரும் படம் எடுத்து மாட்டி வைக்கவில்லை.

கே: பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பென்சிலினைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பது ஃபிளெமிங்கின் அலங்கோலமான ஆய்வகத்தைப் பற்றித்தான். "அப்படியென்றால் சுத்தமாக வைத்திருந்தால் பென்சிலினே கிடைத்திருக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்வது?

நல்ல மாணவன் ஆசிரியரே. அவன் கேட்டதற்கு "ஆமாம், அன்றைக்கு அவருக்குக் கிடைத்திருக்காது" என்று தயங்காமல் சொல்லுங்கள். 1928-ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஃபிளெமிங் பாக்டீரியா வளர்த்த தட்டுகளை மேசை மூலையில் அடுக்கிவிட்டு விடுமுறைக்குப் போனார். செப்டம்பரில் திரும்பி வந்து பார்த்தால் ஒரு தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையைச் சுற்றி மட்டும் பாக்டீரியா இல்லை. போகும் முன் எல்லாத் தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்திருந்தால் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

ஆனால் கதையை அங்கே நிறுத்திவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த தட்டு உலகத்தில் எத்தனையோ ஆய்வகங்களில் இருந்திருக்கும், கழுவி ஊற்றியிருப்பார்கள். இவர் அதில் என்ன விசித்திரம் என்று நின்று பார்த்தார். பாக்டீரியாவைத் தட்டுகளில் வளர்த்து வளர்த்துப் பழகிய கண் அது. அடுத்த ஆண்டு அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஆனால் அவரால் அதை மருந்தாக்க முடியவில்லை. 1939-க்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் சேர்ந்து அளந்து, வடிகட்டி, குறிப்பெழுதி, ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துதான் அது ஊசி மருந்தானது. 1941-ல் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்திச் சிகிச்சை பார்த்தார்கள். 1945-ல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

நான் சென்ற இதழில் ரஃப், ஃபேர் என்று சொன்னதும் இதுதான். ஒரு படைப்பு உருவாவதை நான்கு கட்டமாக 1926-லேயே கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் பிரித்துக் காட்டினார். விஷயத்தைச் சேகரிப்பது, அதைக் கொஞ்ச நாள் ஊறப்போடுவது, திடீரென்று பிடிபடுவது, பிடிபட்டதைச் சரிபார்த்துச் செப்பனிடுவது. சேகரிக்கும்போதும் ஊறப்போடும்போதும் பொருள்கள் பரவிக் கிடந்தால் நல்லது. ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றில் கண் விழும். செப்பனிடும்போது அதே பரவல் கையைக் கட்டிப்போடும்.

என் மேசையில் இது எப்படி நடக்கிறது என்று சொன்னால் விளங்கும். ஒரு தொடர்கதைக்குப் படம் என்றால் முதலில் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்ன ரஃப் போட்டுக்கொண்டே போவேன். டிரேசிங் தாள், பழைய இதழ்களிலிருந்து வெட்டிய பக்கங்கள், கை எப்படி மடங்குகிறது என்று பார்க்க எடுத்த போட்டோக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். டிரேசிங் தாள் என்பதால் கீழே கிடக்கும் ரஃப் மேலே தெரியும். தனித்தனியாகப் போட்ட இரண்டு ரஃப்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஜன்னல் ஓரத்தில் நிற்கும் பெண்ணும் படியேறி வரும் ஆளும் ஒரே படத்துக்குள் வந்துவிடுவார்கள். உட்கார்ந்து திட்டம் போட்டால் எனக்கு அந்த அமைப்பு தோன்றியிருக்காது.

எது என்று முடிவானதும் மிச்சம் எல்லாம் பெட்டி ஃபைலுக்குள் போய்விடும். மேசையைத் துடைத்து, நல்ல தாளை நான்கு மூலையிலும் ஒட்டிவிடுவேன். தேர்ந்தெடுத்த ரஃப் ஒன்றுதான் கண்ணுக்கு எதிரே இருக்கும். இங்க் பாட்டில் வலது கைப் பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒரு தெர்மாகோல் கட்டையில் பாட்டில் அளவுக்குக் குழி வெட்டி அதற்குள் உட்கார்த்தியிருக்கும். முழங்கை பட்டாலும் சாயாது. நிப் துடைக்கும் துணி பாட்டிலுக்கு முன்னால். இவற்றின் இடம் மாறவே மாறாது. கோடு இழுக்கும்போது கண் தாளைவிட்டு அகலக் கூடாது, கை தானாகப் போய்ப் பாட்டிலைத் தொட வேண்டும். ஒரே மேசை, ஒரே ஆள். காலையில் பார்த்தவரும் மாலையில் பார்த்தவரும் என்னைப் பற்றி நேரெதிராகச் சாட்சி சொல்லலாம்.

கே: எழுத உட்கார்ந்தால் முதலில் மேசையை அடுக்கத் தோன்றுகிறது. அடுக்கி, துடைத்து, பேனாக்களை வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. சுத்தமான மேசை இருந்தால்தான் எனக்கு எழுத்து வரும் என்பது உண்மையா, சாக்கா?

முந்தின நாள் வேலை முடிந்ததும் அடுக்கினால் உண்மை. எழுத உட்கார்ந்த பிறகு அடுக்கினால் சாக்கு. அடுக்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை; முடித்தால் உடனே திருப்தி கிடைக்கும். முதல் வரி அப்படி இல்லை, வருமா வராதா என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பேனாவை வரிசைப்படுத்துவது மருந்தாகாது. உட்கார்ந்ததும் மேசையில் கிடப்பதை இரண்டு கையாலும் பக்கத்தில் தள்ளிவிட்டு, ஒரு தாள் வைக்கிற அளவுக்கு இடம் செய்துகொண்டு ஆரம்பியுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகும் அடுக்கத் தோன்றினால் தாராளமாக அடுக்குங்கள்.

கே: விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. மாலையில் போகும்போது எல்லோர் மேசையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்று புதிதாக விதி போட்டிருக்கிறார்கள். காலையில் வந்தால் எதில் விட்டோம் என்று பிடிபடுவதற்கே வெகு நேரம் ஆகிறது. நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது?

விதிக்கு நியாயமான காரணம் இருக்கலாம். வாடிக்கையாளரின் வெளிவராத விளம்பரம் மேசையில் கிடந்தால் யார் கண்ணிலும் படும். அதை ஒப்புக்கொண்டே பேச்சை ஆரம்பியுங்கள். "மேசையைக் காலியாக வைக்கிறோம் என்கிறோம். ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கலைக்காமல் எடுத்து வைக்க வழி செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆளுக்கு ஓர் அகலமான டிரே போதும். தாள்களை மேசையில் பரப்பாமல் டிரேயிலேயே பரப்புங்கள். மாலையில் டிரேயோடு தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். காலையில் எடுத்து வைத்தால் விட்ட இடம் விட்டபடி இருக்கும். சுவரில் ஒரு சாஃப்ட் போர்டு, அதற்கு மூடுகிற மாதிரி கதவு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

"எல்லாவற்றையும் அன்றன்றே ஃபைலில் போடுங்கள்" என்று அவர்கள் சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஸ்டீவ் விட்டேக்கர், ஜூலியா ஹிர்ஷ்பெர்க் என்ற இருவர், இடம் மாறிப்போகவிருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊழியர்கள் என்னென்ன காகிதங்களை வைத்திருந்தார்கள் என்று பார்த்து 2001-ல் எழுதினார்கள். உடனுக்குடன் ஃபைல் போடுகிறவர்களிடம்தான் காகிதம் அதிகம் சேர்ந்திருந்தது. குவித்து வைப்பவர்களிடம் குறைவு. அவர்கள் அதை எடுத்துப் பார்ப்பதும் அதிகம். ஒரு தாளுக்கு மதிப்பு இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே பெயர் எழுதி ஃபைலில் போட்டுவிட்டால், பிறகு அதைத் தூக்கிப்போட மனம் வராது. குவியலில் கிடக்கும் தாளோ, வேண்டாததாக இருந்தால் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

கே: ஓவியம் படிக்கிறேன். பிரான்சிஸ் பேக்கனின் ஸ்டூடியோ படத்தைப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லை. அப்படி இருந்தால்தான் அந்த மாதிரி ஓவியம் வருமா?

அப்படி இருந்ததால்தான் அவருக்கு வந்தது. லண்டனில் ரீஸ் மியூஸ் என்ற சந்தில் 1961-லிருந்து 1992-ல் இறக்கும் வரை அந்தச் சின்ன மாடி அறையில்தான் வரைந்தார். சுவரிலேயே வண்ணம் குழைத்துப் பார்ப்பார். 1998-ல் அந்த அறையை அப்படியே டப்ளின் நகரின் ஹ்யூ லேன் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். தொல்லியல் ஆய்வாளர்களை வைத்து, பூமியைத் தோண்டும்போது செய்கிற மாதிரி எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று வரைபடம் போட்டு எடுத்தார்கள். சுவர், கதவு, தரை, தூசி எல்லாவற்றையும் சேர்த்துத்தான். 7,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றில் சுமார் 1,500 புகைப்படங்கள், புத்தகங்களிலிருந்து கிழித்த தாள்கள் ஏறக்குறைய 1,300, கத்தியால் கிழித்த கேன்வாஸ்கள் 100.

அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். அதில் பெரும்பகுதி படம், படம் சார்ந்த பொருள். மிதிபட்டு மடங்கி, வண்ணம் தெறித்த புகைப்படத்திலிருந்தும் அவருக்கு ஓர் உருவம் கிடைத்தது. முகம் சிதைந்த உருவங்களை வரைந்தவர் அவர். சிதைந்த படங்களின் நடுவே நின்று வரைந்ததில் ஆச்சரியம் இல்லை. அதே அறையில், வேண்டாம் என்று தோன்றிய ஓவியங்களைக் கத்தியால் கிழித்துப்போட்ட கண்டிப்பும் கிடக்கிறது. உங்களுக்கு அந்தப் படத்தில் தெரிந்த குப்பையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் டச்சு ஓவியர் மோந்திரியானைப் பாருங்கள். பாரிசில் அவருடைய ஸ்டூடியோச் சுவர் வெள்ளை. அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ண அட்டைச் செவ்வகங்கள். ஒழுங்கின் உச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த அட்டைகளை இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார் மனிதர். அதாவது சுவரும் அவருக்கு ஒரு ரஃப். பேக்கனின் அறையில் மோந்திரியானை உட்கார வைத்தாலும், மோந்திரியானின் அறையில் பேக்கனை உட்கார வைத்தாலும் இருவருமே வெளியே ஓடியிருப்பார்கள் என்பது என் எண்ணம். உங்கள் ஓவியத்துக்கு எது தீனி என்று இன்னும் உங்களுக்கே தெரிந்திருக்காது. படிக்கிற வயது, அவசரமில்லை. அதுவரை வண்ணக் குழாய்களின் மூடியை மட்டும் மறக்காமல் மூடுங்கள், காய்ந்துபோனால் காசு நஷ்டம்.

கே: மேசை சுத்தமாக இருக்கிறது. கணினித் திரையில்தான் ஃபைல்கள் இறைந்து கிடக்கின்றன. தேடினால் கிடைத்துவிடுகிறதே, அடுக்குவானேன்?

பெயர் ஞாபகமிருந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தால் எதைத் தட்டச்சு செய்து தேடுவீர்கள்? மேசைக் குவியல் ஞாபகப்படுத்தும் என்றேனே, திரையில் அந்த வசதி பாதிதான். எல்லா ஐகானும் ஒரே அளவு, பழையதும் புதியதும் ஒரே பளபளப்பு. காகிதமாவது மஞ்சளாகி, ஓரம் மடங்கித் தன் வயதைச் சொல்லும்.

ஜப்பானியப் பொருளாதார அறிஞர் நோகுச்சி யூக்கியோ 1990-களில் பிரபலப்படுத்திய முறை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தாள்களைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பெரிய உறை, மேலே பெயரும் தேதியும். அலமாரியில் நிற்க வைத்து, புதிய உறையை இடது கோடியில் வைக்க வேண்டும். எந்த உறையை எடுத்துப் பயன்படுத்தினாலும் பழைய இடத்தில் வைக்காமல் இடது கோடியிலேயே திரும்ப வைக்க வேண்டும். அவ்வளவுதான். அடிக்கடி தேவைப்படுவது தானாக இடது பக்கம் நிற்கும், தொடாதது தானாக வலது பக்கம் ஒதுங்கும். திரையில் இதற்கு இணையானது, கோப்புகளைக் "கடைசியாகத் திருத்திய தேதி"ப்படி வரிசைப்படுத்துவது. நான் அதை மட்டும்தான் பயன்படுத்துகிறேன். நடக்கிற வேலைக்கு ஒரு ஃபோல்டர் திரையில் இருக்கும். வேலை அச்சுக்குப் போனதும் அது திரையைவிட்டுப் போய்விடும்.

கே: ஏழு வயது மகள் படம் வரைந்தால் அறை முழுக்கக் கிரேயான். பழக்கம் கெட்டுவிடுமா?

வரைந்துகொண்டிருக்கும்போது பரப்பட்டும். நடுவில் போய் "எடுத்து வை, எடுத்து வை" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். முடிந்ததும் எடுத்து வைப்பது அவள் வேலை. நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பாதியில் நிற்கும் படத்தை மட்டும் "முடிந்ததா, இன்னும் இருக்கிறதா?" என்று அவளைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள்.

கே: முப்பது வருடமாகக் கவிதை எழுதுகிறேன். எழுதி அடித்த தாள்கள் நான்கு அலமாரி நிறைய இருக்கின்றன. புதிதாக எழுதும்போது அவை பாரமாக அழுத்துகின்றன. தூக்கிப்போடவும் மனமில்லை. – ஒரு மூத்த வாசகர்

ஐயா, தூக்கிப்போட வேண்டாம். உட்கார்கிற இடத்திலிருந்து கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த அறை போதும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வகைப்படுத்த உட்காராதீர்கள். அதில் இறங்கினால் மாதங்கள் ஓடிவிடும், புதுக் கவிதை அந்தரத்தில் நிற்கும். அப்படியே பெட்டிகளில் போட்டு, வெளியே வருடத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு வரி ஞாபகம் வந்து தேடிப் போனால், எடுத்த தாளைப் பழைய பெட்டியில் திரும்பப் போட வேண்டாம். புதிதாக ஒரு பெட்டி திறந்து அதில் போடுங்கள். காலப்போக்கில் உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் தாள்கள் அந்த ஒரு பெட்டிக்குள் சேர்ந்துவிடும். மற்றவற்றை என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைகிற சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.